ஒரு நிமிடம், 12 பூஜ்ஜியம்... பெஞ்சில் இருப்பவரின் சீசன் கணக்கு!

ஒன்றுக்குப் பக்கத்தில் 12 பூஜ்ஜியம் போட்டால் எவ்வளவு? நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. அமெரிக்கர்கள் அதை ஒரு டிரில்லியன் என்பார்கள். அந்த நாட்டுக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது.

அங்கே ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் 'பாக்ஸ் ஸ்கோர்' என்ற அட்டை வெளியாகும். அதில் வீரரின் பெயருக்கு நேராக, அவர் களத்தில் நின்ற நிமிடங்கள் இருக்கும். அடுத்து எடுத்த ஷாட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஃபவுல், பாயின்ட் என்று வரிசையாக எண்கள். கடைசி ஒரு நிமிடம் மட்டும் உள்ளே போய், பந்தைக்கூடத் தொடாமல் ஒருவர் திரும்பினால்? 1-க்குப் பின்னால் எல்லாமே பூஜ்ஜியம். அதுதான் டிரில்லியன்!

இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் மார்க் டைட்டஸ். 2006-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்தவர். கிரெக் ஓடன், மைக் கான்லி போன்ற பெரிய நட்சத்திரங்கள் ஆடிய அணி அது. டைட்டஸுக்கு நிரந்தர இடம் பெஞ்ச்தான். அவர் அதற்காக அழவில்லை. 2008-ல் 'கிளப் டிரில்லியன்' என்ற பெயரில் தன் பெஞ்ச் அனுபவங்களை எழுத ஆரம்பித்தார். படித்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். 2012-ல் புத்தகமும் போட்டார். களத்தில் ஆடியதைவிட, ஆடாமல் உட்கார்ந்ததால் அதிகம் பேருக்குத் தெரிந்தவர் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால், எல்லோராலும் இதைச் சிரித்துக் கடக்க முடியாது. பாயின்ட், ரீபவுண்ட் எல்லாம் வீரர் உழைத்து எடுப்பது. நிமிடம் மட்டும் கோச் கொடுப்பது. 18, 19 வயதுப் பிள்ளையைப் பற்றி கோச் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது பேட்டிகளில் வராது. அந்த ஒரு கட்டத்தில் வந்துவிடும்.

200 நிமிடத்தில் யாருக்கு எவ்வளவு?

ஒரு ஆட்டம் 40 நிமிடம். ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஆக, ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 200 நிமிடங்கள்தான். ஆட்டம் சமனாகி ஐந்து நிமிட ஓவர் டைம் போனால் மட்டும் 225. அணியில் 15 பேர் என்று வைத்துச் சமமாகப் பிரித்தால், ஆளுக்கு 13 நிமிடம் 20 விநாடி வரும். கல்யாணப் பந்தி மாதிரி யாரும் அப்படிப் பரிமாறுவதில்லை. முக்கிய வீரர்கள் 30 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார்கள். எட்டு, ஒன்பது பேருக்குள் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிடும். மிச்சப் பேர் துண்டை ஆட்டி உற்சாகப்படுத்த வேண்டியதுதான்.

ஒரு ஆட்டத்தின் அட்டையை மட்டும் பார்த்தால் இது புரியாது. சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை போகிறது. சாதாரணமாக ஒரு அணி 30 ஆட்டங்களுக்கு மேல் ஆடும். நவம்பரில் பல பெரிய அணிகள் பலவீனமான அணிகளையும் சேர்த்துத்தான் அழைத்து ஆடும். 30, 40 பாயின்ட் முன்னிலை வந்ததும் பெஞ்சில் உள்ள எல்லோருக்கும் வாய்ப்பு. புதிதாகச் சேர்ந்த பையன் 18 நிமிடம் ஆடுவான். ஊரில் அப்பா அம்மா பூரித்துப்போவார்கள். ஜனவரியில் சொந்தக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஆரம்பிக்கும். அப்போது ஒரு தோல்விகூட வலிக்கும் என்பதால் கோச் நம்பும் ஆட்களின் எண்ணிக்கை சுருங்கும். அதே பையனின் கட்டத்தில் 11, அப்புறம் 6, அப்புறம் 2. பிப்ரவரியில் அந்தக் கட்டம் காலி. அவனை அணியைவிட்டு யாரும் நீக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை.

சராசரி இங்கேதான் ஏமாற்றும். 30 ஆட்டங்களில் ஒருவர் ஐந்தில் மட்டும் இறங்கி, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் ஆடினார் என்று வையுங்கள். அட்டையில் 'சராசரி 10 நிமிடம்' என்றே வரும். ஏனென்றால், ஆடாத ஆட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அணி ஆடிய 1,200 நிமிடங்களில் அவர் பங்கு 50. அதாவது நாலு சதவீதம்தான்! கல்லூரிக் கூடைப்பந்து கணக்குகளில் பெரிய பெயரான கென் பொமராய் இந்தச் சதவீதத்தைத்தான் தன் இணையதளத்தில் தருகிறார். இவர் அடிப்படையில் வானிலை நிபுணர். அமெரிக்க தேசிய வானிலை சேவையில் வேலை பார்த்தவர். மழையைக் கணித்தவருக்கு இது கஷ்டமாக இருந்திருக்காதுபோல.

நிமிடம் குறைந்தாலே கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பக்கத்தில் ஃபவுல் கட்டத்தையும் பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. அதனால் முதல் பாதியிலேயே இரண்டு வாங்கியவரைப் பல கோச்கள் இடைவேளை வரை உட்காரவைத்துவிடுவார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கோச் டீன் ஸ்மித்திடம் அழகான ஒரு பழக்கம் இருந்தது. களைத்துப்போன வீரர் கை முஷ்டியை உயர்த்திக் காட்டினால் போதும், மாற்று ஆள் உள்ளே வருவார். அப்படித் தானாக வெளியே வந்தவர், தயாரானதும் தானே திரும்பிப் போகலாம். சோர்வை மறைத்து ஆட வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு.

21 நிமிடம் ஆடியவர் நம்பர் ஒன்!

2014-15 கென்டக்கி அணியில் திறமைசாலிகள் அளவுக்கு மீறி இருந்தார்கள். கோச் ஜான் கலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு செட் பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரெஸ் காயமடைந்த பிறகு அந்த முறை தளர்ந்தது. ஆனாலும் நிமிடங்கள் பங்கு போடப்பட்டபடியே இருந்தன. 38 வெற்றி, அரையிறுதியில் ஒரே ஒரு தோல்வி. கார்ல் ஆன்டனி டவுன்ஸ் சராசரியாக ஆடியது சுமார் 21 நிமிடம்தான். அந்த வருடம் என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் அவர். டெவின் புக்கர் ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இறங்கவில்லை. அவர் 13-வது ஆளாகப் போனார். அந்த ஓர் அணியிலிருந்து ஆறு பேர் தேர்வானார்கள்.

பெண்கள் ஆட்டத்தில் 2024 இறுதிப் போட்டி இன்னும் நல்ல உதாரணம். ஐயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க்கைப் பார்க்கவே அமெரிக்காவில் ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டி.வி முன் உட்கார்ந்தார்கள். அவர் 30 பாயின்ட் எடுத்தார். ஆனால், எதிரே இருந்த சௌத் கரோலினாவின் பெஞ்ச் வீராங்கனைகள் மட்டும் சேர்ந்து 37 பாயின்ட். ஐயோவா பெஞ்ச் எடுத்தது பூஜ்ஜியம்! பெஞ்சிலிருந்து வந்த முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் 19 எடுத்தார். 87-75 என்று கோப்பை சௌத் கரோலினாவுக்கு. சீசன் முழுக்க பெஞ்சுக்கு நிமிடங்களைப் பகிர்ந்து கொடுத்த அணி அது.

ஒரு நிமிடத்தின் விலை

இனி வருவதுதான் குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். நீண்டகாலமாக இருந்துவரும் விதிப்படி, ஒரு மாணவர் ஆடுவதற்கு நான்கு சீசன்கள். கூடைப்பந்தில் ஒரே ஆட்டத்தில் ஒரே நிமிடம் இறங்கினாலும், பொதுவாக ஒரு சீசன் கணக்கில் கழிந்துவிடும். அதனால், வெற்றி உறுதியான ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கோச் கூப்பிடும்போது, எழுந்து போவதா வேண்டாமா என்பதே சில பையன்களுக்குப் பெரிய கேள்வி. ஒரு வருடம் முழுக்க இறங்காமல் பயிற்சி மட்டும் எடுத்து, அந்த சீசனை மிச்சம் பிடிப்பதைத்தான் 'ரெட்ஷர்ட்' என்கிறார்கள். காயம்பட்டவர்களுக்குச் சலுகை உண்டு. காயம் சீசனின் முதல் பாதியில் ஏற்பட்டிருக்க வேண்டும். 30 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியிருக்கக் கூடாது. அங்கே எண்ணுவது நிமிடங்களை அல்ல, இறங்கிய ஆட்டங்களை.

முன்பெல்லாம் நிமிடம் கிடைக்கவில்லை என்று வேறு கல்லூரிக்கு மாறினால், ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். 2018-ல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. 2021-ல், ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2024-ல் அந்த 'ஒருமுறை' வரம்பும் போய்விட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயர், புகைப்படத்தை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். விளைவு, ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் வீரர்கள் போர்ட்டலில் பெயர் கொடுக்கிறார்கள்.

பெயர் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. பெரிய கல்லூரியில் ஆறு நிமிடம் ஆடியவர் சின்னக் கல்லூரியில் முப்பது நிமிடம் தேடிப் போகிறார். சின்னக் கல்லூரியில் முப்பது நிமிடம் ஆடியவரைப் பெரிய கல்லூரி பணம் கொடுத்துக் கூப்பிடுகிறது. அங்கே போனால் மறுபடி பெஞ்ச் ஆகலாம். இரண்டு பேரையும் எடைபோடும் கோச்கள் முதலில் புரட்டுவது போன சீசனின் நிமிடக் கணக்கைத்தான். போன வருடம் ஆடிய அதே ஆட்கள் இந்த வருடம் அணியின் நிமிடங்களில் எத்தனை சதவீதம் ஆடுகிறார்கள் என்பதற்கும் பொமராய் ஓர் அளவு வைத்திருக்கிறார். போர்ட்டல் காலத்துக்குப் பிறகு அந்த எண் சரிந்துகொண்டே வந்திருக்கிறது.

நீங்களே ஓர் அணியைப் பின்தொடர ஆசையா? மொபைலில் ஒரு ஷீட் போதும். இடது பக்கம் வீரர்கள் பெயர், மேலே ஆட்டத் தேதிகள், கட்டங்களில் நிமிடங்கள். சில விநாடிகளே ஆடியவருக்கு அட்டையில் '0+' என்றுகூட இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள், பூஜ்ஜியம் ஆக்கிவிடாதீர்கள். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் யாருடைய எண்கள் சுருங்குகின்றன என்று பார்த்துவைத்தால், ஏப்ரலில் போர்ட்டல் பட்டியல் வரும்போது பாதிப் பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.