படுக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்

டிரோன், ரிமோட் கார் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், வேகத்தைப் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் லிப்போ மின்கலனை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் வீட்டில் தீ மூட்டக்கூடியது அதுதான்.

லித்தியம் பாலிமர் மின்கலனுக்குக் கெட்டியான உலோக உறை கிடையாது. மெல்லிய பைக்குள் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ, அடிபட்டு நசுங்கினாலோ உள்ளே சூடு ஏறி, நொடிகளில் தீப்பிடிக்கலாம்.

ஒவ்வோர் அறைக்கும் உச்சம் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்கலன் பழுதாகும். மின்னேற்றும் வேகத்துக்கு எளிய கணக்கு உண்டு: 2200 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 2.2 ஆம்பியரில் ஏற்றுங்கள். லிப்போவுக்கான சார்ஜரையே பயன்படுத்துங்கள். சிறிய வெள்ளை பிளக்கையும் செருகி, ‘பேலன்ஸ்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் எல்லா அறைகளும் சமமாக நிறையும். பறந்து முடித்த சூட்டோடு மின்னேற்றாமல், முதலில் ஆறவிடுங்கள்.

எங்கே வைத்து ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். சோபா, மெத்தை, திரைச்சீலை அருகில் வேண்டாம். வாசல் பக்கமும் வேண்டாம். வீவக வீட்டில் வெளியேற இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே வழிதான். வெறும் தரை ஓட்டின் மேல், தீ தாங்கும் பையில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏற்றுங்கள். மின்சைக்கிள் மின்கலனை இரவு முழுவதும் ஏற்ற வேண்டாம் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வது இதற்கும் பொருந்தும்.

சனிக்கிழமைக்காக முழுதாக ஏற்றி வைத்தோம், மழை வந்துவிட்டது. அப்படியே அலமாரியில் வைத்துவிடுவதுதான் பலரின் வழக்கம். நிறைந்த நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் மின்கலன் கெட்டு, உப்பத் தொடங்கும். சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ முறையை அழுத்தி, அறைக்குச் சுமார் 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

உப்பிய மின்கலனை அழுத்தவோ குத்தவோ வேண்டாம். மீண்டும் மின்னேற்றவும் வேண்டாம். குப்பைக் குழாயிலும் போடாதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று வாங்கிய கடையில் கேளுங்கள்.

புகை வந்தால் சாதனத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். எல்லாரையும் வெளியே அழைத்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, 995ஐ அழையுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.