டயர் வாங்கப் போறீங்களா? பேரை மட்டும் பார்க்காதீங்க!

பக்கவாட்டு நம்பரில் இருக்கு சூட்சுமம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் டயர் கடையில் கார்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எந்தக் கம்பெனி டயருங்க நல்லது?"

கம்பெனிக்குப் பஞ்சமே இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எப். ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட் என்று டயர் ஆலைகள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அம்பத்தூரில் கொடிகட்டிப் பறந்த டன்லப் கதை வேறு. அந்தக் கம்பெனியைக் கலைக்க 2013-ல் கல்கத்தா ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

ஆகவே பேர் அப்புறம். முதலில் நம்பர்!

நம்பர் சொல்லும் சேதி

'185/65 ஆர் 15 88 எச்' என்று இருக்கிறதா? அகலம் 185 மில்லி மீட்டர். பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம். ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 'எச்' என்றால் 210 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும். உங்கள் காருக்கு உரிய அளவு, டிரைவர் கதவோரம் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

அடுத்து வயசு. நாலு இலக்க நம்பரைத் தேடுங்கள். '2325' என்றால் 2025-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. "புது டயர் சார், பாதி விலை!" என்று ஆசை காட்டினால், இதைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். கடையில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும். மழையில் பிடிப்பு குறையும்.

கணக்குப் போடுங்க

இரண்டும் சரியாக இருந்தால், அப்புறம் கம்பெனிகளை ஒப்பிடலாம். ரூ.4,000 டயர் 40,000 கிலோ மீட்டர் ஓடினால் கிலோ மீட்டருக்கு 10 காசு. ரூ.3,200 டயர் 25,000-தான் ஓடினால் 12.8 காசு. மலிவு எது? உங்கள் மாதிரியே கார் ஓட்டுபவரிடம் எவ்வளவு ஓடியது என்று விசாரியுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் சரிபாருங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டுப் போக முடியாது.

இரண்டு டயர்தான் மாற்றுகிறீர்களா? ஒரே கம்பெனி, ஒரே ரகமாக வாங்கிப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் வண்டியைப் பிடிப்பது கஷ்டம்.

பட்டன் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அந்த டயரோடு ரோட்டுக்கு வரவே கூடாது. அது சட்டம். உங்கள் உயிருக்கும் அதுதான் காவல்!