ஈறு சிகிச்சைக்குப் பிறகு பற்களில் பழுப்புக் கறையா?

ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சில நாள்களில் பற்கள் பழுப்பாக மாறினால், "பல்லைக் கெடுத்துவிட்டார்களோ" என்ற பதற்றம் வருவது இயல்பு. அதற்காக மருந்தை நிறுத்திவிட்டு, பல் மருத்துவரிடம் திரும்பப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கறையால் பல் விழாது. ஈறு நோயை அப்படியே விட்டால் விழக்கூடும்.

பெரும்பாலும் இந்தக் கறை, வாய் கொப்பளிக்கக் கொடுத்த மருந்தால் வருவது. அதில் உள்ள குளோர்ஹெக்சிடின் பல்லின்மேல் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் கிருமிகளை அடக்குகிறது. கூடவே தேநீர், கோப்பியின் சாயமும் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. நாக்கும் பொய்ப்பற்களும்கூடப் பழுப்பாகலாம். சாப்பாட்டின் ருசி சில நாள்களுக்கு மாறித் தெரியலாம். கறை மேலோட்டமானதுதான். பல் மருத்துவர் சுத்தம் செய்து மெருகேற்றினால் போய்விடும்.

மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டும் மருந்தைப் பயன்படுத்துங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகவே இன்னொரு புட்டி வாங்கித் தொடர வேண்டாம். கொப்பளித்த உடனே கோப்பி குடிக்காதீர்கள். முன்னதாகவே குடித்து, வாயைத் தண்ணீரால் அலசிவிடுங்கள். பற்பசை இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிப்பது நல்லது. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமை. உடனே 995 எண்ணை அழையுங்கள்.

சிலருக்குப் பல் நீண்டு, அடிப்பக்கம் மஞ்சளாகத் தெரியும். அது கறையல்ல. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதும் பல்லின் வேர் வெளியே தெரிகிறது. வேரின் இயற்கை நிறமே மஞ்சள்தான். வேர், பல்லின் மேற்பகுதியைவிட மென்மையானது. அந்தக் காலத்து வழக்கப்படி உப்பு, கரித்தூள், எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் அது தேய்ந்துபோகும், கூச்சமும் அதிகமாகும். மென்மையான தூரிகையே போதும். வெற்றிலை பாக்கு போடுபவர்கள் இப்போதாவது விட்டுவிடுங்கள். அது தருவது கறை மட்டுமல்ல, வாய்ப் புற்றுநோயும்தான்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறினால் காத்திருக்க வேண்டாம். அதன் நரம்பு செத்திருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும்போது கொப்பளிக்கும் மருந்துப் புட்டியையும், நீரிழிவு போன்றவற்றுக்கு நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். சாஸ், முன்னோடித் தலைமுறை அல்லது மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் அதையும் காட்டி, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு மானியம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.