டிராக்டர் லோடரில் நீர்ம அழுத்தக் குழாய்ப் பழுது

நீர்ம அழுத்தக் குழாய் என்பது எக்கியிலிருந்து உருளைகளுக்கு எண்ணெயை உயர் அழுத்தத்தில் கொண்டு செல்லும், வளையக்கூடிய இரப்பர்க் குழாய் ஆகும். பட்டறைகளில் இது ஹைட்ராலிக் ஓஸ் எனப்படுகிறது. சிறு டிராக்டரின் முன்புறம் பொருத்தப்படும் லோடரில் அடிக்கடி பழுதடையும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று.

அமைப்பு

குழாய் மூன்று அடுக்குகளைக் கொண்டது. உள்ளே எண்ணெயைத் தாங்கும் செயற்கை இரப்பர், நடுவே எஃகுக் கம்பிப் பின்னல், வெளியே காப்புறை. அழுத்தத்தைத் தாங்குவது கம்பிப் பின்னலே. ஐரோப்பிய ஈஎன் 853 தரத்தின்படி, அரை அங்குல உள்விட்டமுள்ள குழாய் ஒரு பின்னலுடன் 160 பார் வரையும், இரு பின்னல்களுடன் 275 பார் வரையும் பயன்படத்தக்கது. வெடிப்பழுத்தம் இதனினும் நான்கு மடங்காக இருத்தல் வேண்டும்.

150 பார் அழுத்தத்தில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை ஏறத்தாழ 3 டன் விசையைத் தருகிறது. அவ்விசை முழுவதும் இக்குழாயை நம்பியே உள்ளது.

பழுதின் காரணங்கள்

லோடரின் கைகள் ஏறி இறங்கும்போது குழாய் சட்டத்தில் உராய்ந்து காப்புறை தேய்கிறது. வெளிப்பட்ட கம்பியில் ஈரம் படிந்து துரு ஏறுகிறது. அளவுக்கு மீறிய வளைவு, பொருத்தும்போது ஏற்படும் முறுக்கம், வெப்பம், வெயில், முதுமை ஆகியனவும் காரணங்களாகும். அழுத்தத்தில் குழாயின் நீளம் சிறிது மாறுவதால், இழுத்துக் கட்டப்பட்ட குழாய் இணைப்பின் அருகே அறுகிறது.

பலர் கவனிக்காத காரணம் ஒன்றுண்டு. சுமையுடன் மேடுபள்ளத்தில் ஓட்டும்போது உருளையில் அழுத்தம் திடீரென உயர்கிறது. நெம்புகோல் நடுநிலையில் இருக்கையில் முதன்மை விடுவிப்பு வால்வால் அந்த அழுத்தத்தைக் குறைக்க இயலாது. எனவே சுமையைத் தாழ்வாக வைத்து, மெதுவாக ஓட்டுதல் நன்று.

இடர்

ஊசித்துளை போன்ற கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் முள் குத்தியது போலவே தோன்றும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். எனினும் சில மணி நேரத்திற்குள் அறுவை செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எண்ணெய் உட்புகுந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூற வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடுதல் கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கலாம்.

தூக்கும் குழாய் அறுந்தால் லோடரின் கை சடுதியில் விழும். தாங்கு கட்டை வைக்காமல் அதன் கீழ் எவரும் செல்லலாகாது.

பழுது நீக்கல்

வாளியைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, நெம்புகோலை இருபுறமும் அசைத்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும். பல சிறு டிராக்டர்களில் பற்சக்கரப் பெட்டிக்கும் நீர்ம அமைப்பிற்கும் ஒரே எண்ணெய்தான். ஆதலால் குழாய் வெடித்த டிராக்டரை அப்படியே வீட்டிற்கு ஓட்டிச் செல்வது, குழாயின் விலையைவிடப் பன்மடங்கு செலவை வரவழைக்கும்.

இரப்பர்ப் பட்டை சுற்றுவதும் கிளிப் போட்டு இறுக்குவதும் அழுத்தக் குழாய்க்குப் பயனற்றவை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில், ஆலை இயந்திரங்களுக்குக் குழாய் வெட்டி முனை அழுத்தித் தரும் பட்டறைகளை உழவர்களும் நாடலாம். அங்கு பழைய குழாயை இரு முனைகளுடன் முழுதாக எடுத்துச் செல்ல வேண்டும். பட்டறை வழக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை அங்குலம் 'நாலு நூல்' ஆகும். உள்விட்டம் ஒத்திருந்தால் மட்டும் போதாது, மரையும் ஒத்திருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் மூன்று நூல் பிரித்தானியக் குழாய் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். முன்னதன் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், பின்னதன் இடைவெளி 1.34 மில்லிமீட்டர். வலிந்து முடுக்கினால் இரண்டும் கெடும்.

புதிய குழாயை வெட்டியபோது உள்ளே தங்கிய துகள்களை ஊதி நீக்கிய பின்னரே பொருத்த வேண்டும். கிரானைட்டுத் தூசு மிகுந்த இடங்களில் திறந்த முனைகளை உடனே மூடி வைத்தல் இன்றியமையாதது. பின்னர் குறைந்த வேகத்தில் இயந்திரத்தை ஓடவிட்டு, கைகளைச் சிலமுறை முழுதாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, வாளி தரையில் இருக்கும் நிலையில் எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்புவர்.