மட்டையா, பந்தா? அயர்லாந்து ஊர்களின் தீராத போட்டி

ஹர்லிங் மட்டையால் ஆடுவது. கேலிக் ஃபுட்பால் கையாலும் காலாலும். அயர்லாந்தில் இரண்டையும் நடத்துவது 1884-ல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. அமைப்புதான். மைதானம், கோல்போஸ்ட், அணிக்கு 15 பேர் எல்லாமே ஒன்று. அப்புறம் ஏன் போட்டி?

காரணம், ஆள் பற்றாக்குறை. சின்ன ஊரில் இரண்டு அணிக்கும் அதே பசங்கதான். சம்பளம் கிடையாது, வேலை முடிந்துதான் பயிற்சி. மட்டையோ சின்ன வயசிலேயே கையில் பழகணும். மாலை நேரத்தை ஃபுட்பால் எடுத்துக்கொண்டால் ஹர்லிங் அடிவாங்கும்.

அதனால் பல பகுதிகள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. கில்கென்னி என்றால் ஹர்லிங், கெர்ரி என்றால் ஃபுட்பால். 1990-ல் கார்க் இரண்டு கோப்பைகளையும் வென்றது. டெடி மெக்கார்த்தி இரண்டு இறுதிப்போட்டியிலும் ஆடினார். இன்றைய பயிற்சிச் சுமையில் அது அரிது. ஊர் கிளப்களில்தான் இன்னும் சிலர் ஒரு வாரம் மட்டை, மறு வாரம் பந்து என்று சமாளிக்கிறார்கள்.