கிட்னி மாற்றியவர் எடை தூக்கலாமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் பல வேலைகள் நிற்பதும் குனிவதும் தூக்குவதும்தான். சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை முடிந்து ஷிப்டுக்குத் திரும்ப நினைப்பவரிடம் வீட்டார் சொல்வது: "இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது." முதல் சில வாரங்களுக்கு இது சரி, தையல் போட்ட வயிற்றுச் சுவர் ஆறும் முன் பளு தூக்கினால் குடலிறக்கம் வரலாம். ஆயுள் முழுக்க இப்படியே இருந்தால் அதுவே கெடுதல்.

டயாலிசிஸ் காலத்திலேயே தசை கரைந்துவிடுகிறது. பிறகு, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு தசையையும் எலும்பையும் மேலும் மெலியவைக்கிறது. அதே நோக்கத்துக்குத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது. பத்தியம் தளர்ந்து, பசி கூடி, எடை ஏறும். ஏறுவதில் பெரும்பங்கு கொழுப்பு. மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆனால் தசையைத் திரும்பக் கட்டலாம். உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வதும் தசைதானே!

லண்டனில் சிறுநீரகம் மாற்றிய 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. 12 வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட உடல்திறனும் ரத்தக்குழாய்களின் நெகிழ்வும் மேம்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

"தினமும் லைனில் தூக்குகிறேனே, போதாதா?" போதாது. அங்கே ஒரே அசைவு மணிக்கணக்கில் தொடர்கிறது, ஓய்வு நம் கையில் இல்லை. பயிற்சியில் கால், முதுகு, தோள் என்று எல்லாத் தசைகளுக்கும் முறை வரும். எடை படிப்படியாகக் கூடும். நடுவே ஓய்வுநாள் இருக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதிலேயே தொடங்கலாம். மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். மாற்றுச் சிறுநீரகம் விலா எலும்பின் காப்பில்லாமல் அடிவயிற்றில் இருப்பதால் கபடி போன்ற மோதல் விளையாட்டுகள் வேண்டாம்.

உடல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்கே ஆபத்து. கடும் பயிற்சிக்கு மறுநாள் கிரியேட்டினின் சற்று ஏறிக் காட்டக்கூடும். பரிசோதனைக்கு முந்தின நாள் ஓய்வெடுங்கள், பயிற்சி செய்வதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலோடு பயிற்சியையும் எழுதித் தர வேண்டும். இஎஸ்ஐ மருத்துவமனைகளும் இந்த வட்டார நிறுவனங்களும் அதற்கு ஒரு பிசியோதெரபிஸ்டையும், தொடக்க மாதங்களில் இலகுவான வேலையையும் உறுதி செய்யட்டும்.