கால் தெம்பாக இருக்கும்போதே காசி. 25 வருடச் சந்தா எதற்கு?

ஓய்வுபெற்ற கையோடு ஊர் சுற்றக் கிளம்புவதில் தப்பே இல்லை. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு உச்ச வயதே 70தான். தமிழக அறநிலையத் துறையின் இராமேஸ்வரம்–காசி இலவசப் பயணமும் 60 முதல் 70 வயதுக்காரர்களுக்குத்தான். ஆக, முதல் பத்து வருடம் செலவழிக்க வேண்டிய காலம். கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் கைக்கு வரும் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பவர்களும் உண்டு.

"குலுக்கலில் உங்க நம்பர் விழுந்திருக்கு சார், மேடத்தோட வந்து கிஃப்ட் வாங்கிக்குங்க" என்று போன் வரும். போனால் ஓட்டல் ஹால், காபி, மணிக்கணக்கில் பேச்சு. "இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்" என்றபடி கார்டு மெஷின் நீளும். கையெழுத்தாவது பெரும்பாலும் விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டம். 25 வருட ஒப்பந்தம் என்றால், அறுபதில் சேர்ந்தவருக்கு அது முடியும்போது வயது 85. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும்; அது ஏறவும் செய்யும். மே மாதம் ஊட்டியில் அறை கேட்டால் "காலியில்லை" என்பார்கள். அப்படிச் சொல்லவும் ஒப்பந்தத்தில் வழி வைத்திருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. எத்தனை நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தேடிப் படிக்க வேண்டும். வாயால் சொன்ன சலுகைகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். அவர்கள் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். காபி குடித்துவிட்டோமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை!

பணம் கட்டிவிட்டவர்கள் அந்தக் கெடுவுக்குள் மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் விலகல் கடிதம் அனுப்ப வேண்டும். மசியவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கோயில் பயணத்திலும் ஏமாற்று உண்டு. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில்தான் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்பிய 'ஏஜென்ட்'டிடம் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும்.

வெளிநாடு போகிறவர்கள் பயணக் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, பி.பி.யை மறைக்கக் கூடாது. பிரீமியத்தில் மிச்சமாவது கொஞ்சம்தான். மறைத்தது தெரிந்தால் ஆஸ்பத்திரி பில் முழுவதும் தலையில் விழும்.